ரோபோ வாக்குவம் வாங்கலாமா? முதலில் ஒரு அட்டைப்பெட்டியைத் தரையில் தள்ளிப் பாருங்கள்

வாங்கிய புதிதில் தினமும் ஓடி, சில மாதங்களில் மூலையில் போய் உட்கார்ந்துவிடும் ரோபோ வாக்குவங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் இயந்திரத்தில் கோளாறு இருக்காது. அந்த வீட்டுத் தரையும் அதுவும் ஒத்துப்போயிருக்காது, அவ்வளவுதான். அதனால் எந்த மாடல் நல்லது என்று தேடுவதற்கு முன்னால் வீட்டைச் சோதித்துவிடுங்கள். ஒரு அட்டைப்பெட்டி, ஒரு அளவுநாடா, ஒரு வார கவனிப்பு போதும்.

சோதனைக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த இயந்திரம் ஒரு தடவை ஓடி முடித்த தரையை, கையால் நன்றாக வாக்குவம் போட்ட தரையோடு ஒப்பிட்டால் தோற்றுப்போகும். அதன் பலம் தினமும் ஓடுவதில் இருக்கிறது. அன்றாடம் விழும் முடி, தூசி, மணல், நூல், துணுக்குகளை அன்றன்றே எடுத்துவிடும். அழுக்கு சேர விடாது. படிக்கட்டு, சோஃபாவின் மேற்புறம், ஒட்டடை, கதவிடுக்கு, சுவர் மூலை எல்லாம் உங்கள் பொறுப்பாகவே இருக்கும். வட்டமான உடம்பு மூலைக்குள் போகாது. பக்கத்தில் சுழலும் பிரஷ் கொஞ்சம் இழுத்துத் தரும், முழுதாக அல்ல. பழைய துடைப்பத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு இதை வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இங்கேயே விட்டுவிடலாம்.

படி 1: பெட்டிச் சோதனை

பெரும்பாலான ரோபோக்கள் 33 முதல் 35 செ.மீ. விட்டமும், தலையில் வழி பார்க்கும் லேசர் கோபுரம் உள்ளவை 9.5 முதல் 10 செ.மீ. உயரமும் இருக்கும். கோபுரம் இல்லாத மெல்லிய மாடல்கள் 8 செ.மீ. அளவில் கிடைக்கும். அட்டையை வெட்டி 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி செய்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்து, வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டு போங்கள். கட்டிலுக்கடியில், சோஃபாவுக்கடியில், சாப்பாட்டு மேஜை நாற்காலிக் கால்களுக்கு நடுவில், கதவுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் என எல்லா இடத்திலும்.

பெட்டி தாராளமாக நுழைந்தால் சரி. சுத்தமாக நுழையவில்லை என்றாலும் சரிதான்; ரோபோ முட்டிவிட்டுத் திரும்பிவிடும். தொந்தரவு நடுத்தரத்தில்தான். சோஃபாவின் அடிப்பகுதி 9.8 செ.மீ. உயரத்தில் இருக்க, ரோபோ 9.7 செ.மீ. என்றால் அது உள்ளே போய்விடும். உள்ளே தரை கொஞ்சம் மேடானாலோ, சோஃபாவின் அடித்துணி தொங்கினாலோ கோபுரம் சிக்கி அங்கேயே நின்று கத்தும். இயந்திரத்தின் உயரத்தைவிட 1.5 செ.மீ.யாவது கூடுதல் இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாத இடங்களை ரோபோவின் போன் ஆப்பில் தடைப்பகுதியாக வரைந்துவிடலாம். ஆனால் அப்படி வரைய வேண்டியவை பாதி வீடு என்றால் வாங்குவதில் அர்த்தமில்லை.

நாற்காலிக் கால்களுக்கு நடுவே 40 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் உள்ளே போய்த் திரும்பத் திணறும். நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இது பிரச்சினையே அல்ல. இன்னொரு வகை நாற்காலி உண்டு: பின்னங்கால் இல்லாமல், வளைந்த இரும்புக் குழாய் தரையோடு கிடக்கும். அந்தக் குழாய்மேல் ஏறி வயிறு மாட்டி, சக்கரம் அந்தரத்தில் சுற்றுவது ரோபோக்களுக்கு வழக்கமான விபத்து.

அடுத்து நிலைப்படிகள். அளவுநாடாவால் ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். சாதாரண மாடல்கள் ஏறக்குறைய 2 செ.மீ. வரை ஏறும், அதுவும் விளிம்பு சரிவாக இருந்தால். செங்குத்தான விளிம்பு என்றால் 1.5 செ.மீ.யிலேயே சில தயங்கும். இழுவைக் கதவுகளின் இரட்டைத் தண்டவாளம் தனித் தொல்லை: ஒரு சக்கரம் முதல் பள்ளத்திலும் மற்றது இரண்டாவதிலும் இறங்கி நின்றுவிடும். ரப்பர் அல்லது மரச் சரிவுப்பலகை வைத்தால் இவற்றைக் கடத்தலாம். உடம்பைத் தூக்கி 4 செ.மீ.க்கு மேல் ஏறும் புதிய மாடல்களும் வந்துவிட்டன. ஆனால் இரண்டு நிலைப்படிகளுக்காக அவ்வளவு விலையுள்ள இயந்திரத்துக்குப் போவதைவிட இரண்டு பலகைகள் மலிவு.

மாடி வீடு என்றால் படி ஏறாது. ரோபோ தானே போடும் வீட்டு வரைபடத்தை மாடிவாரியாகச் சேமித்துக்கொள்ளும் வசதி பல மாடல்களில் உண்டு. ஆனாலும் 3 முதல் 4 கிலோ எடையுள்ளதை நீங்கள்தான் தூக்கிச் செல்ல வேண்டும். நடைமுறையில் டாக் (ரோபோ திரும்பி வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் நிலையம்) இருக்கும் தளத்தில் மட்டும் ஒழுங்காக ஓடும். மற்ற தளத்துக்கு எப்போதாவதுதான் போகும். எந்தத் தளத்தில் அழுக்கு அதிகமோ அந்தத் தளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

படி 2: ஒரு வாரம் தரையைக் கவனித்தல்

முடிவை உண்மையில் நிர்ணயிப்பது இந்தப் படிதான். ஒரு வாரத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில், தரையில் கிடப்பவற்றை ரோபோவுக்காக ஒதுக்குவதுபோல ஒதுக்கிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வையுங்கள்.

எவற்றை ஒதுக்க வேண்டும்? போன் சார்ஜர் வயர் முதல் எதிரி. பக்கத்துப் பிரஷில் சுற்றிக்கொண்டு மேஜைமேல் இருப்பதையும் இழுத்துவிடும். அடுத்து சாக்ஸ், கைக்குட்டை, ரிப்பன், ஷூ லேஸ், பிளாஸ்டிக் பை, சிறு பொம்மைகள், குஞ்சம் வைத்த கம்பள ஓரம், தரையைத் தொடும் திரைச்சீலை, லேசான குளியலறை மிதியடி. எடை பார்க்கும் மெஷின் மேலும் ஏறி நின்றுவிடும். லேசர் உள்ள ரோபோதான் எல்லாவற்றையும் பார்க்குமே என்று கேட்கலாம். லேசர் கோபுரம் தரையிலிருந்து சுமார் 9 செ.மீ. உயரத்தில் ஒரே தளமாகச் சுற்றிப் பார்க்கிறது. சுவரும் அலமாரியும் தெரியும்; அதற்குக் கீழே கிடக்கும் சாக்ஸ் தெரியாது. முன்பக்கம் தனியாகக் கேமராவோ ஒளிச் சென்சாரோ உள்ளவை செருப்பு, பொம்மை போன்றவற்றைத் தவிர்த்துப் போகும். மெல்லிய வயரை அவையும் அடிக்கடி கோட்டை விடும்.

நாய், பூனை இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் மலம் கழிக்கும் பிராணி இருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் ஓடவே விடாதீர்கள். ரோபோ அதன்மேல் ஏறி, அறை அறையாகத் தடவிவிட்டு வரும். சக்கரம், பிரஷ், உள்ளிருக்கும் காற்றுக் குழாய் எல்லாம் பிரித்துக் கழுவும் வேலை. சில நேரம் இயந்திரமே போய்விடும்.

வார முடிவில் இந்தக் கணக்கைப் போடுங்கள். இப்போது பெருக்க தினமும் 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு 140. அதில் மூன்றில் இரண்டு பங்கை ரோபோ எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால் சுமார் 95 நிமிடம் மிச்சம். இதிலிருந்து கழிக்க வேண்டியவை: தரையை ஒதுக்கும் நேரம், தூசிப்பெட்டியைக் கொட்ட தினமும் 1 நிமிடம், பிரஷில் சுற்றிய முடியை எடுக்க வாரம் 10 நிமிடம். ஒதுக்க தினமும் 5 நிமிடம் ஆகும் வீட்டில் 35 + 7 + 10 = 52 போக, 43 நிமிடம்தான் நிகர மிச்சம். ஒதுக்க 1 நிமிடமே ஆகும் வீட்டில் 71 நிமிடம். ஒதுக்கவே 12 நிமிடம் ஆகும் வீட்டில் கணக்கு மைனஸுக்குப் போய்விடும். இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

நேரக் கணக்கில் பெரிய மிச்சம் வராவிட்டாலும் ஒரு சூழலில் வாங்கலாம்: இப்போது வாரம் இரண்டு முறைதான் பெருக்குகிறீர்கள், மற்ற நாட்களில் காலில் மணல் நறநறக்கிறது என்றால். அங்கே கிடைக்கும் லாபம் தினமும் சுத்தமான தரை. குனிந்து நிமிர முடியாதவர்கள், தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதே காரணம்தான் பொருந்தும். நிமிடத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 3: உங்கள் வீட்டு அழுக்கு என்ன வகை?

டைல்ஸ், கல், மரம் போன்ற கெட்டித் தரையில் முடி, மணல், துணுக்கு இருந்தால் நடுத்தர ரோபோவே நன்றாக எடுக்கும். குட்டை இழைக் கம்பளம் பரவாயில்லை. 2 செ.மீ.க்கு மேல் இழை நீண்ட பஞ்சுக் கம்பளத்தில் சக்கரம் அமுங்கி, பிரஷ் சிக்கி, பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

கறுப்புத் தரைவிரிப்பு பலருக்கும் தெரியாத சிக்கல். ரோபோவின் அடியில் பள்ளம் பார்க்கும் சென்சார்கள் உண்டு. கீழே அகச்சிவப்பு ஒளியை விட்டு, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பவை. கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுவதால், படிக்கட்டு வந்துவிட்டது என்று ரோபோ பின்வாங்கும். சென்சார்மேல் டேப் ஒட்டிச் சமாளிக்கும் வழி ஒன்று சொல்வார்கள். அந்தத் தளத்தில் இறங்குபடி எதுவும் இல்லையென்றால் மட்டும் அதை யோசிக்கலாம்; இருந்தால் ரோபோ உருண்டு விழும்.

ஈரமான எதையும் உறிஞ்ச விடக்கூடாது. சாம்பல், கண்ணாடித் துண்டு, ஆணி கூடாது. கட்டுமான வேலை நடந்த வீட்டின் சிமெண்ட் தூள், பூச்சுத் தூளும் கூடாது. அந்த நைசான தூள் ஃபில்டரை ஒரே ஓட்டத்தில் அடைத்து, மோட்டாருக்குள்ளும் போகும்.

படி 4: விளம்பர எண்களைப் படிக்கும் விதம்

முதலில் பார்க்க வேண்டியது வழி அறியும் முறை. 2001ல் எலக்ட்ரோலக்ஸின் டிரைலோபைட், 2002ல் ஐரோபோட்டின் ரூம்பா எனத் தொடங்கிய காலத்தில் ரோபோக்கள் தடை வந்தால் திரும்பி, தோன்றிய திசையில் ஓடின. மலிவான மாடல்களில் இன்றும் அந்த முறை உண்டு. சில இடத்தை நாலு முறை பெருக்கும், சில இடத்தை விட்டுவிடும். ஒற்றை அறைக்கு ஓகே. மூன்று அறை வீட்டுக்கு வேண்டாம். அடுத்தது கைரோஸ்கோப், அதாவது திரும்பும் திசையை உணரும் கருவி: நேர்கோட்டில் போய் வரும், ஆனால் தூக்கி வைத்தால் தான் எங்கே இருக்கிறோம் என்று மறந்துவிடும். கேமரா முறைக்கு வெளிச்சம் வேண்டும். லேசர் முறை, அதாவது லைடார், இருட்டிலும் வேலை செய்து துல்லியமான வரைபடம் போடும். கண்ணாடிச் சுவரும் தரை வரை நீளும் முகக்கண்ணாடியும் அதைக் குழப்பும். வீட்டில் இல்லாத அறை ஒன்று வரைபடத்தில் முளைக்கும். அந்த இடத்தில் ஒரு தடைக்கோடு போட்டால் தீர்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் என்றால் லைடாருக்குக் கீழே இறங்காதீர்கள். மற்ற எந்த வசதியில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம்.

உறிஞ்சும் சக்தியை பாஸ்கல் கணக்கில் போடுவார்கள். 2,000 தொடங்கி 10,000க்கு மேல் வரை பார்க்கலாம். பாஸ்கல் என்பது அழுத்த வேறுபாடு மட்டுமே. எவ்வளவு காற்று ஓடுகிறது, பிரஷ் தரையைச் சரியாகத் தொடுகிறதா என்பவை அதில் தெரியாது. கெட்டித் தரைக்கு 2,000 முதல் 3,000 பாஸ்கலே தாராளம். கம்பளம் இருந்தால் அதற்கு மேல் தேடலாம். அந்த உச்ச எண்ணும் டர்போ நிலையில்தான் வரும். அந்த நிலையில் சத்தம் கூடும், பேட்டரி பாதி நேரத்தில் கரையும்.

பேட்டரி பொதுவாக 2,600 முதல் 5,200 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். லைடார் மாடல் சுமாராக நிமிடத்துக்கு ஒரு சதுர மீட்டர் முடிக்கும் என்று கொள்ளுங்கள். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் டாக்குக்குப் போய் ஏற்றிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பேட்டரி அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

நீளமான தலைமுடி உள்ள வீட்டில், உருளைப் பிரஷ் முழுதும் ரப்பராக இருப்பது இழைப் பிரஷைவிட நல்லது. முடி குறைவாகச் சுற்றும். சுற்றினாலும் சுலபமாக உருவி எடுக்கலாம்.

கேமராவும் ஆப்பும் உள்ள இயந்திரம் உங்கள் வீட்டின் வரைபடத்தையும், சிலவற்றில் படங்களையும் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பக்கூடும். படங்கள் போவது ஒத்துவராது என்றால் கேமரா இல்லாத லைடார் மாடலை எடுங்கள். எதை எடுத்தாலும், ஆப்பும் இணையமும் இல்லாமல் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். நிறுவனம் சேவையை நிறுத்தினால் மிஞ்சப்போவது அந்தப் பொத்தான்தான்.

படி 5: துடைக்கும் வசதி, தானே கொட்டும் டாக்: இரண்டும் வேண்டுமா?

பின்னால் ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகும் வகை, தரைமேல் படிந்த மெல்லிய தூசியைத்தான் துடைக்கும். காய்ந்த கறை போகாது. அழுத்தம் அவ்வளவு குறைவு. ஒரு அறை முடிவதற்குள் துணி அழுக்காகி, அதே துணியோடு அடுத்த அறைக்கும் போகும். இந்த வகைக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். சுழலும் இரட்டைத் துணிகள், அல்லது தண்ணீரில் தன்னையே கழுவிக்கொள்ளும் உருளை உள்ளவை உண்மையிலேயே துடைக்கும். அவற்றுக்குத் துணியைக் கழுவி, வெப்பக்காற்றில் காயவைக்கும் பெரிய டாக் தேவைப்படும். அந்த டாக்கின் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாள் கொட்டாமல் விட்டால் வீடு நாறும். நுரைக்கும் சோப்புக் கரைசல் ஊற்றினால் பம்பு கெடும், பிளீச்சும் கூடாது. கம்பளம் இருந்தால் துணியைத் தூக்கிக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். அந்தத் தூக்கல் பெரும்பாலும் 1 செ.மீ. அளவுதான், ஆகவே தடித்த கம்பளம் நனையும்.

தூசியைத் தானே உறிஞ்சிப் பைக்குள் கொட்டும் டாக்கைப் பற்றி எங்கள் கருத்து வேறு: செல்லப் பிராணியோ நீள முடியோ உள்ள வீட்டில் அதுதான் முதலில் வாங்க வேண்டிய கூடுதல் வசதி. ரோபோவுக்குள் இருக்கும் பெட்டி 300 முதல் 500 மி.லி. மட்டுமே, நாய் முடி உள்ள வீட்டில் ஒரே ஓட்டத்தில் நிரம்பிவிடும். நிரம்பிய பின் ஓடுவது சும்மா சுற்றுவதுதான். டாக்கின் பை 2.5 முதல் 3 லிட்டர் பிடிக்கும். கொட்டும் சத்தம் சில விநாடிகளுக்குக் காதைப் பிளக்கும். குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இருவர் மட்டும் உள்ள சிறிய வீட்டுக்கு இந்த டாக் இல்லாமலே ஓட்டலாம்.

படி 6: நாலு வருடச் செலவு

பெட்டியில் ஒட்டிய விலை தொடக்கம்தான். வருடத்துக்கு ஃபில்டர் 3 அல்லது 4, பக்கத்துப் பிரஷ் 2 முதல் 4, உருளைப் பிரஷ் 1, துடைப்பது உண்டென்றால் துணி 4 முதல் 6, டாக் உண்டென்றால் பை ஏறக்குறைய 6 எனக் கணக்கு வையுங்கள். லித்தியம் பேட்டரி தினசரி ஓட்டத்தில் மூன்று, நாலு வருடத்தில் தளரும். அதற்கு ஒரு மாற்றுப் பேட்டரி. இவை எல்லாவற்றின் நாலு வருடச் செலவை இயந்திர விலையோடு கூட்டி 48ஆல் வகுத்தால் மாதச் செலவு வரும். படி 2ல் வந்த வார நிகர நிமிடங்களை நாலால் பெருக்கி, இந்தச் செலவோடு வைத்துப் பாருங்கள்.

இந்தப் பொருட்கள் தனியாகக் கிடைக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன் தேடிப் பாருங்கள். பேட்டரி கிடைக்காத மாடல் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

படி 7: வாங்கிய பின், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்

டாக்கைச் சுவரோடு ஒட்டி, இரு பக்கமும் 50 செ.மீ., முன்னால் 1.5 மீட்டர் காலியாக இருக்கும்படி வையுங்கள். நேர் வெயில் விழும் இடம் வேண்டாம். சென்சார்கள் குழம்பி டாக்கைக் கண்டுபிடிக்காமல் சுற்றும். ஆப் இணைய மறுத்தால் வைஃபையைப் பாருங்கள். பல ரோபோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சிக்கும்.

முதல் ஓட்டம் வரைபடத்துக்கு மட்டும். எல்லாக் கதவையும் திறந்து வைத்து, நடுவில் தூக்காமல், கூடவே நடந்து, எங்கெல்லாம் திணறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தடைப்பகுதிகளை வரையுங்கள். மூன்றாம் நாள் சோதனை: ஒரு சிட்டிகை மணலையும் கிழித்த காகிதத் துணுக்குகளையும் மூன்று இடத்தில் தூவுங்கள். திறந்த தரை, சுவரோரம், டைல்ஸ் இடுக்கு. திறந்த தரையில் மிச்சம் இருந்தால் இயந்திரத்தில் குறை. சுவரோரத்தில் கொஞ்சம் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் உள்ள குணம். பக்கத்துப் பிரஷ் மணலைச் சிதறடித்தால் அதன் வேகத்தைக் குறைக்க ஆப்பில் வழி உண்டா என்று பாருங்கள்.

ஒரு வாரத்தில் ஆளில்லாமல் தொடங்கிய ஓட்டங்களில் எத்தனை முறை தானே டாக்குக்குத் திரும்பியது என்று எண்ணுங்கள். ஏழில் ஆறு என்றால் வைத்துக்கொள்ளலாம். தடைப்பகுதி வரைந்த பிறகும் ஏழில் மூன்று முறை எங்கோ சிக்கிக் கிடந்தால், அது உங்கள் வீட்டுக்கானதல்ல. பெட்டியையும் அட்டைகளையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் திருப்பி அனுப்புவது சுலபம்.

வைத்துக்கொள்வதென்றால் மறக்கக்கூடாத பராமரிப்பு இவ்வளவுதான். வாரம் ஒருமுறை உருளைப் பிரஷைக் கழற்றி இரு முனைகளிலும் சுற்றிய முடியை வெட்டி எடுங்கள். அங்கேதான் அது இறுகி பேரிங்கைத் தேய்க்கும். மாதம் ஒருமுறை முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பிடுங்கி, அச்சில் சுற்றியதை எடுங்கள். அந்தச் சக்கரம் உருளாமல் இழுபட்டால் தரையில் கோடு விழும். பள்ளம் பார்க்கும் சென்சார்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். தூசி படிந்தால் சமதரையிலும் பள்ளம் என்று நிற்கும். பக்கத்துப் பிரஷின் இழை வளைந்திருந்தால் சில விநாடி வெந்நீரில் முக்கி எடுத்தால் நிமிரும். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கழுவலாம் என்று அதில் எழுதியிருந்தால் மட்டும் தண்ணீரில் அலசி, 24 மணி நேரம் காயவிட்ட பிறகே மாட்டுங்கள். ஈர ஃபில்டரோடு ஓட்டினால் முதலில் வாடை வரும், பிறகு மோட்டார் போகும்.